இலவச வக்கீலிடமும் கேள்வி கேட்கலாம்: கடலூரில் சட்ட உதவி வேலையில் தெரிந்துகொண்டவை

"காசு வாங்காத வக்கீல் நமக்காக எப்படிம்மா பேசுவாரு?"

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நீதிமன்றத்துக்கு வரும் குடும்பங்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மகனையோ கணவனையோ தம்பியையோ போலீஸ் அழைத்துப் போயிருக்கும். துணிப்பையில் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, நகையை அடகு வைத்துப் புரட்டிய கொஞ்சம் பணம். அந்தப் பணத்தை யாரிடமாவது கொடுத்தால்தான் காரியம் நடக்கும் என்று நம்பி வந்திருப்பார்கள்.

நான் வக்கீல் இல்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பயிற்சி எடுத்த சட்டத் தன்னார்வலர். பி.எல்.வி. என்று கூப்பிடுவார்கள். அதற்கு முன்பு மகளிர் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். உதவி கேட்டு வருபவர்களுக்கு மனு எழுதித் தருவது, சிறையில் யாருக்கு வக்கீல் இல்லை என்று விசாரிப்பது, அந்தத் தகவலைக் குடும்பத்துக்கும் அலுவலகத்துக்கும் கொண்டு சேர்ப்பது என் வேலை. ஏழைக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்பது இன்று ஓரளவு எல்லோருக்கும் தெரியும். அந்த வக்கீல் எப்படி நியமிக்கப்பட வேண்டும், என்ன தகுதி வேண்டும், என்ன செய்யக்கூடாது, சரியாக நடக்காவிட்டால் யாரிடம் போவது என்பதற்கெல்லாம் எழுதிவைத்த விதிகள் இருப்பது பலருக்குத் தெரியாது. அந்த விதிகளை ஒரு குடும்பம் தெரிந்துவைத்திருந்தால் வழக்கு போகும் போக்கே மாறிவிடுகிறது. அதைப் பலமுறை பார்த்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில், யாருக்குக் கிடைக்கும் என்பது. இதிலேயே நிறையப் பேர் நாட்களை இழக்கிறார்கள்.

புதுச்சேரி எல்லை பக்கத்திலேயே இருப்பதால் மதுபாட்டில் வழக்குகள் எங்கள் பக்கம் சகஜம். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பையோடு பிடிபட்டு ரிமாண்ட் ஆன ஒரு பெண்ணின் மருமகன், வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைந்துகொண்டிருந்தார். "இலவச வக்கீல் வேணும்னா வருமானச் சான்று கேப்பாங்கன்னு சொன்னாங்க மேடம்." யார் சொன்னார்கள் என்று கேட்டால், டீக்கடையில் யாரோ. அந்தப் பெண்ணுக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் தகுதியுள்ளவர்களின் பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோரும் அதில் உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பேரிடரிலும் வெள்ளத்திலும் தொழிற்சாலை விபத்திலும் பாதிக்கப்பட்டவர்களும் அதே பட்டியலில்தான் வருகிறார்கள். 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த கடலூர்க்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வருமான வரம்பு என்பது இந்தப் பட்டியலில் வராதவர்களுக்குத்தான். அவர்களுக்கும்கூட 13-ஆவது பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. தன் வருமானம் இவ்வளவு என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் அதையே போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம். நம்பாமல் இருக்க அதிகாரிக்குக் காரணம் இருந்தால் மட்டுமே மேற்கொண்டு விசாரணை. ஆகவே உங்கள் வீட்டு ஆள் சிறைக்குள் இருக்கிறார் என்றால் வருமானத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். "கஸ்டடியில் இருக்கிறார்" என்ற ஒரு வரி போதும்.

மனு போட்டால் எப்போது பதில் வரும்? நல்சா எனப்படும் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2010-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை விதிகள்தான் இதற்கெல்லாம் அடிப்படை. பின்னால் செய்த திருத்தத்தின்படி மனு மீது உடனே முடிவெடுக்க வேண்டும், அதிகபட்சம் 7 நாட்கள். மறுத்தால் ஆணைக்குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். மாவட்டத்தில் தலைவர் என்றால் மாவட்ட நீதிபதி. மனுவைத் தமிழில் கைப்பட எழுதித் தரலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் எங்களைப் போன்றவர்கள் எழுதிக்கொள்வோம். கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் சரி. மனு கொடுத்த தேதியோடு ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 7 நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடும்.

வந்து நிற்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, தயவு கேட்பதுபோல நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. இது யாருடைய தயவும் இல்லை. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பணமில்லாத காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, இலவச சட்ட உதவி தருவது அரசின் கடமை என்கிறது அது. 1979-இல் உசைனாரா காத்தூன் வழக்கு. பீகார் சிறைகளில், தங்கள் குற்றத்துக்கு அதிகபட்சம் கிடைக்கக்கூடிய தண்டனைக் காலத்தைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களின் வழக்கு அது. ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் வைக்காமல் நடத்தும் விசாரணை நியாயமானது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் அப்போதே சொல்லிவிட்டது. 1986-இல் சுக் தாஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. குற்றம் சாட்டப்பட்டவர் வக்கீல் கேட்கவே இல்லை. இப்படி ஓர் உரிமை உனக்கு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகத் தண்டனை ரத்தானது. கேட்காதவர்களுக்கும் சொல்ல வேண்டிய கடமை நீதிமன்றத்துக்கு இருக்கிறது என்பதை அந்தத் தீர்ப்பிலிருந்துதான் நான் கற்றேன்.

அடுத்தது, கைதுக்குப் பிறகு வரும் முதல் 24 மணி நேரம். என் அனுபவத்தில் வழக்கின் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. குடும்பங்கள் அந்த நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டு நிற்கும், இல்லாவிட்டால் அரசியல் கட்சிக்காரரைத் தேடி ஓடும். இரண்டையும் குறை சொல்ல மாட்டேன், பயம் அப்படி. ஆனால் அந்த நேரத்தில் 15100 என்ற இலவச எண்ணுக்கு ஒரு போன் செய்யலாம், அது நல்சாவின் உதவி எண். மாவட்டத்தில் இருப்பவர்கள் நேராகச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கே வரலாம். விருத்தாசலம், சிதம்பரம், பண்ருட்டி பக்கத்து ஆட்கள் கடலூர் வரை வர வேண்டியதில்லை. வட்ட அளவிலும் சட்டப்பணிகள் குழுக்கள் உண்டு, அந்த ஊர் நீதிமன்றத்திலேயே விசாரிக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்திருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். படி, கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், கைதான தகவலை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும், விசாரணையின்போது இடையில் வக்கீலைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே ரிமாண்ட் நேரத்தில் வாதாட, சட்டப்பணிகள் ஆணைக்குழு ரிமாண்ட் வக்கீல்களை வைத்திருக்கிறது. வக்கீல் இல்லாமல் ஒருவரை நிறுத்தினால், உனக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, வசதி இல்லாவிட்டால் அரசு வைத்துத் தரும் என்று சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை. 2012-இல், மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட கசாப் வழக்கின் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லி, தவறினால் துறை நடவடிக்கை என்றும் எச்சரித்தது. அப்படிப்பட்ட குற்றவாளிக்கே வக்கீல் தர வேண்டும் என்று சொன்ன நாட்டில், செம்புக் கம்பி திருடியதாகப் பிடிபட்ட பையனுக்கு வக்கீல் இல்லாமல் போகக் கூடாது.

ராத்திரி நேரத்தில் மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ரிமாண்ட் நடக்கும்போதுதான் வக்கீல் இல்லாமல் போய்விடுகிறது. பின்னிரவில் ரிமாண்ட் ஆன ஒரு பையன், சிறைக்குள் நான் பார்த்தபோது, "சார் ஏதாவது சொல்றியான்னு கேட்டாரு, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலக்கா" என்றான். அவன் உடம்பில் அடிபட்ட காயம் இருந்தது. ரிமாண்ட் நேரத்தில் சொல்லியிருந்தால் பதிவாகியிருக்கும். வக்கீல் பக்கத்தில் நின்றிருந்தால் சொல்லவைத்திருப்பார். உங்கள் வீட்டு ஆளைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால், "அடிச்சிருந்தா ஜட்ஜ்கிட்ட சொல்லு, வக்கீல் வேணும்னு சொல்லு" என்ற இரண்டு வாக்கியத்தை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இனி, இலவச வக்கீல் மீதான விதிகளுக்கு வருகிறேன். மேலே கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

அவர் காசு வாங்காதவர் இல்லை, உங்களிடம் வாங்காதவர். அவருக்கான கட்டணத்தை அரசு தருகிறது. 2010 விதிகளின்படி, பேனல் எனப்படும் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் சேர சாதாரணமாகக் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் வேண்டும். உங்களிடம் கட்டணமோ, அன்பளிப்போ, வேறு எந்த மதிப்புள்ள பொருளோ கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. சரியாக வேலை செய்யாவிட்டால் வழக்கை அவரிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுக்கலாம், பேனலிலிருந்தே நீக்கலாம். ஒவ்வொரு வழக்கும் எப்படிப் போகிறது என்று பார்க்கக் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. தனியாகப் பணம் கொடுத்து வைக்கும் வக்கீல் மீது இத்தனை கண்கள் இருப்பதில்லை.

2022-இல் நல்சா இன்னொரு முறையைக் கொண்டுவந்தது. சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறை. பேனல் வக்கீல் தன் சொந்த வழக்குகளுக்கு நடுவே நம் வழக்கையும் பார்ப்பார். பாதுகாப்பு வழக்கறிஞர் முழுநேரமும் இந்த வேலைக்கே; தனியாக வழக்கு நடத்தக் கூடாது. கிரிமினல் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக மட்டுமே இவர்கள். தலைமைப் பாதுகாப்பு வழக்கறிஞருக்குக் கிரிமினல் வழக்கில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும், துணைத் தலைமைக்கு 7 ஆண்டு. அரசுத் தரப்பில் முழுநேர வக்கீல் இருக்கும்போது எதிர்த் தரப்பிலும் முழுநேர வக்கீல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த வேலைக்கு வந்தபின் நான் பார்த்த நல்ல மாற்றங்களில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சிறைக்குள் ஒரு பயம் உண்டு. சம்பளம் கவர்மெண்ட் தருகிறது, அப்படியென்றால் இவர் போலீஸ் பக்கம்தானே என்று. கேப்பர் மலை மத்திய சிறையில் பேசும்போது, நடந்ததைச் சொல்லாமல் மழுப்புபவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் அவர் சம்மதமில்லாமல் வெளியில் சொல்லக் கூடாது என்ற சாட்சியச் சட்டம், காசு வாங்கும் வக்கீலுக்கும் அரசு வைத்துத் தரும் வக்கீலுக்கும் ஒன்றேதான். மறைத்து வைத்த விஷயம் விசாரணை நாளில் எதிர்த் தரப்பு வாயிலிருந்து வந்தால், எவ்வளவு பெரிய வக்கீலாலும் அந்த நிமிஷத்தில் சமாளிக்க முடியாது.

பணம் கேட்ட சம்பவமும் நடந்திருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஒரு வழக்கில் பேனல் வக்கீலின் ஜூனியர், "டைப்பிங் செலவு, காப்பி செலவு" என்று குடும்பத்திடம் பணம் கேட்டார். அந்த அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் கூலிக்குப் போகிறவர். கேட்டதைக் கொடுத்துவிட்டு, மறுபடி கேட்டபோதுதான் என்னிடம் வந்தார். நீதிமன்றக் கட்டணம், காப்பி, டைப்பிங் எல்லாமே சட்ட உதவிக்குள் அடங்கும். தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. நடந்ததைத் தேதியோடு ஒரு பக்கத்தில் எழுதி, ஆணைக்குழுச் செயலாளரிடம் கொடுக்கச் சொன்னேன். செயலாளர் ஒரு நீதிபதி என்பதை மறந்துவிடக் கூடாது. வழக்கு வேறு வக்கீலுக்கு மாறியது. "எழுதிக் குடுத்தா பையனுக்கு ஏதாவது கெடுதல் பண்ணிடுவாங்களோ" என்று அந்த அம்மா பயந்தது நியாயமான பயம். அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஆனால் எல்லாப் புகாரும் அப்படிப்பட்டதில்லை. "வக்கீல் போனை எடுக்கல" என்பதுதான் நிறைய வரும். விசாரித்தால் அவர் காலையிலிருந்து கோர்ட்டில் நின்றிருப்பார். அதனால் புகார் சொல்வதற்கு முன்பு, வேலையை எளிதாக்கும் விஷயங்களைக் குடும்பம் செய்ய வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்குங்கள். எந்த ஸ்டேஷன், குற்ற எண், என்ன பிரிவுகள், ரிமாண்ட் ஆன தேதி, எந்தக் கோர்ட், அடுத்த வாய்தா எப்போது, வக்கீல் பெயர், நியமன உத்தரவின் தேதி என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள் தவிர மற்றவை காவல்துறை இணையதளத்தில் கிடைக்கும். வழக்கு கோர்ட்டில் பதிவானதும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்று கிடைக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் வாய்தா தேதி தெரியும். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் போதும், பார்த்துச் சொல்லிவிடும். தேதி தெரிந்துகொண்டு வக்கீலிடம் போகும் குடும்பத்துக்கு அவர் தரும் பதிலே வேறு மாதிரி இருக்கும்.

சாட்சியத்தையும் குடும்பம்தான் கொண்டுவர முடியும். பைக் திருடியதாகப் பிடிபட்ட ஒரு பையன் வழக்கில், திருட்டு நடந்ததாகச் சொல்லப்பட்ட நேரத்தில் அவன் அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தான். அவனுக்கு அது முக்கியம் என்றே தோன்றவில்லை; வக்கீலிடம் சொல்லவில்லை. அவன் அக்கா பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னாள். ஓ.பி. சீட்டு வீட்டு அலமாரியில் மாத்திரைக் கவரோடு கிடந்தது. அதை வக்கீல் பெயில் மனுவோடு சேர்த்தார். இது மாதிரி சீட்டு, பஸ் டிக்கெட், வேலைக்குப் போன இடத்தில் வருகைப் பதிவு, கூகுள் பே விவரம் எல்லாம் உடனே தேடி எடுங்கள். கடைகளில் இருக்கும் சி.சி.டி.வி. பதிவு சீக்கிரமே அழிந்துவிடும். அப்படி ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே வக்கீலிடம் சொல்லி, அதைப் பாதுகாக்க மனு போடச் சொல்லுங்கள்.

நாள் கணக்கு தெரிந்திருப்பது இன்னொரு பெரிய விஷயம். போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் கெடு உண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். வணிக அளவு கஞ்சா போன்ற போதைப்பொருள் வழக்குகளுக்குக் கணக்கு வேறு, 180 நாள் வரை போகும். கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால், ஜாமீன் கேட்பது உரிமை. வழக்கு எவ்வளவு பலமானது என்ற கேள்வியே அங்கே எழாது. ஒரே நிபந்தனை, குற்றப்பத்திரிகை உள்ளே வருவதற்கு முன்பு கேட்டுவிட வேண்டும். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

தனியாக வக்கீல் வைத்திருந்த ஒருவர், பாக்கிப் பணம் தர முடியாததால் வக்கீல் வருவதை நிறுத்திவிட, 60 நாள் தாண்டியும் உள்ளேயே இருந்தார். குடும்பத்துக்குக் கணக்கு தெரியாது. சிறைச் சட்ட உதவி மையத்தில் பெயர்ப் பட்டியலைப் பார்க்கும்போது ரிமாண்ட் தேதியை வைத்துக் கண்டுபிடித்தோம். மறுநாளே பாதுகாப்பு வழக்கறிஞர் மனு தாக்கல் செய்தார், ஜாமீன் கிடைத்தது. ஏற்கெனவே தனியார் வக்கீல் வைத்திருந்தவர்களும் பாதியில் சட்ட உதவிக்கு வரலாம் என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். பழைய வக்கீல் என்ன நினைப்பாரோ என்று தயங்கி நிற்பவர்கள் அதிகம்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் கதைதான் எனக்கு மிகவும் வலிப்பது. உத்தரவு கையில் இருக்கும். ஜாமீன்தாரர் இருவர் இருக்க மாட்டார்கள். பாகூர் பக்கத்து இளைஞர் ஒருவர் கடலூர் வழக்கில் மாட்டினார். சொந்தக்காரர்கள் எல்லோரும் புதுச்சேரியில். இங்கே இருப்பவர் யாரும் ஜாமீன் போட வரவில்லை. இதற்கு வழி இருக்கிறது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலின்படி, ஜாமீன் உத்தரவை நீதிமன்றம் சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 7 நாளில் வெளியே போகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனையால் விடுதலை தாமதமாகும் இடங்களில் அதை விதிக்காமல் இருக்கலாம் என்றும் அந்த வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தப் பாகூர் இளைஞருக்கு அவர் குடும்ப நிலையை எழுதி, நிபந்தனையை மாற்றக் கேட்டு மனு போட்டதும் புதுச்சேரி உறவினரையே ஏற்றுக்கொண்டார்கள்.

பணமாகக் கட்ட வேண்டியிருந்தால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் 2023-இல் வந்திருக்கிறது. தொடங்கியபோது, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் மாவட்டக் குழு அனுமதிக்கலாம் என்று வைத்திருந்தார்கள். கோர்ட் வாசலில் கூலிக்கு ஜாமீன் போடுகிறேன் என்று வருபவர்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். போலிப் பத்திரம் என்று தெரிந்தால் புது வழக்கு வரும்.

முதல்முறை வழக்கில் மாட்டியவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாகவே இருந்துவிட்டால் விடுவிக்கலாம் என்பது பி.என்.எஸ்.எஸ். 479. மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. மனு போட வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருக்கே இருக்கிறது. ஆனாலும் குடும்பமும் நோட்டில் கணக்கு வைத்திருங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். பேனல் வக்கீலுக்குத் தரும் கட்டணம் குறைவு. ஒரு கொலை வழக்கில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எத்தனை நாள் படிக்க வேண்டும், எத்தனை வாய்தா நிற்க வேண்டும் என்று பார்த்தால், அந்தத் தொகைக்கு இளம் வக்கீல்கள் காட்டும் அக்கறை பெரிது. பாதுகாப்பு வழக்கறிஞர்கள் ஒப்பந்த அடிப்படையில் இருக்கிறார்கள். நாளை இருப்போமா என்ற நிச்சயமின்மையோடு ஒருவர் ஆயுள் தண்டனை வழக்கை நடத்துவது நல்லதில்லை. போலீசுக்கும் அரசு வக்கீலுக்கும் செலவழிக்கும் அரசு, எதிர்த் தரப்புக்கும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும்.

அவசரமாக நியமிப்பதும் ஒரு குறை. 2019-இல் அனோகிலால் வழக்கில், குற்றச்சாட்டு பதிவு செய்த அதே நாளில்தான் சட்ட உதவி வக்கீலை நியமித்திருந்தார்கள். சில வாரங்களில் மரண தண்டனை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறு விசாரணைக்கு அனுப்பியது. ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ள வக்கீலைத்தான் சட்ட உதவிக்கு நியமிக்க வேண்டும், தயாராகச் சாதாரணமாகக் குறைந்தது 7 நாள் தர வேண்டும் என்று அப்போது சொன்னது. உங்கள் வழக்கு அப்படிப்பட்டது என்றால், நியமன உத்தரவைப் பார்க்கும்போதே வக்கீலின் அனுபவத்தைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. "சார், உங்களுக்கு எத்தனை வருஷ சர்வீஸ்?" என்று பணிவாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் பக்கத்தில் இருந்து கேட்கவைத்திருக்கிறேன்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே யூனியன் பிரதேசத்துக்கென்று தனியாகச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தல்ல, வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்து மனு போடுங்கள். இரண்டுக்கும் மேலே சென்னை உயர்நீதிமன்றம்தான்.

தண்டனை வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சட்ட உதவியை விட்டுவிடுகிறார்கள். மேல்முறையீட்டுக்கும் இலவச வக்கீல் உண்டு. இதை 1978-இல் ஹோஸ்காட் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகத் தர வேண்டும். செஷன்ஸ் கோர்ட்டுக்கு மேல்முறையீடு என்றால் 30 நாள், மரண தண்டனை தவிர மற்றவற்றில் உயர்நீதிமன்றத்துக்கு என்றால் 60 நாள். நாள் தாண்டிவிட்டாலும் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். நகல் வாங்கப் பணமில்லை என்று நினைத்து கெடுவைத் தாண்டவிட்ட ஒரு பெரியவருக்குச் சிறையிலிருந்தே மனு எழுதினோம். சிறை அதிகாரிகள் மூலமாகவே அது உயர்நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவுக்குப் போனது, அங்கே அவருக்கு வக்கீல் நியமித்தார்கள். அவர் மகள் ஒருமுறைகூடச் சென்னைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மேல்முறையீட்டு எண்ணை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, வாய்தா தேதியைப் போனில் பார்த்துக்கொள்கிறாள்.